அத்தியாயம் 7: மோரிஸ் மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுதல்

மோரிஸ் மைனரின் பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைத் தேடினால் கிடைக்காது. அது ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கும் அடியில், பெட்டி போல மடித்த சேஸிஸ் கட்டைக்குள் படுத்திருக்கிறது. 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானதிலிருந்து 1971-இல் உற்பத்தி நிற்கும்வரை, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்த வண்டியில் எஞ்சின் மாறியது, இரண்டாகப் பிளந்திருந்த முன்கண்ணாடி ஒன்றானது, ஹெட்லைட் கிரில்லை விட்டு மட்கார்டுக்கு ஏறியது. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களில் தயாரித்த பேபி ஹிந்துஸ்தானும் இதே மைனர்தான். ஆகவே இந்த அத்தியாயம் அதற்கும் பொருந்தும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெய்த் தொடர். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே கைவிட்டுவிடும். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமானதற்குக் காரணம் இந்த ஆபத்துதான். நம் வண்டியில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் ஒன்றே. அது கேபிளில் இயங்குவதால் எண்ணெய் போனாலும் பின்சக்கரங்களைப் பிடிக்கும். எனவே மாஸ்டர் சிலிண்டரைத் தொடுகிற அன்றே ஹேண்ட் பிரேக் கேபிள்களையும் சரிபார்த்துவிடுங்கள். இந்த வேலையில் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கெட்டது மாஸ்டர் சிலிண்டர்தானா?

பெடல் கீழே போனாலே மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிடுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. டிரம் பிரேக் வண்டியில் பெடல் தாழ்வதற்கு முதற்காரணம் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருப்பதுதான். ஷூக்களை அட்ஜஸ்ட் செய்தபிறகும் பெடல் தாழ்ந்தால் அடுத்ததைச் சந்தேகப்படலாம். பெடல் பஞ்சு போல மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை அடித்தால் உயர்ந்துவந்தால் தொடரில் காற்று இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி வேறு. வண்டி நிற்கும்போது பெடலை மிதமான அழுத்தத்தில் மிதித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால், உள்ளே பிஸ்டனின் முன்னிருக்கும் முதல் ரப்பர் கப் அழுத்தத்தைத் தாங்காமல் எண்ணெயைப் பின்னுக்கு விடுகிறது. பலமாக மிதித்தால் கப்பின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், குறை தெரியாது. மென்மையாக மிதித்தால்தான் வெளிப்படும். சிக்னலில் நிற்கும்போது பெடல் இறங்குகிறது, அவசரத்தில் அடித்தால் நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

இரண்டாவது அறிகுறி, எண்ணெய் குறைந்துகொண்டே போவது, ஆனால் சக்கரங்களில் ஈரமே இல்லாதது. இங்கே மைனருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பின் கப் கசிந்தால் எண்ணெய் தரையில் சொட்டாது. சேஸிஸ் கட்டைக்குள்ளேயே வழிந்து, பெயின்ட்டை உரித்து, அந்த இடத்தைத் துருவுக்குத் தயார் செய்துவிடும். பெடலிலிருந்து வந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையின் விளிம்பை விரலால் நீக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விசாரணை முடிந்தது.

ரிப்பேர் கிட்டா, புது சிலிண்டரா?

பழைய சிலிண்டரைத் திறந்து உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல இருந்தால், நகத்தால் தடவும்போது எங்கும் தடங்கல் இல்லையென்றால், ரிப்பேர் கிட் போதும். சிறு கறை என்றால் ஸ்பிரிட் நனைத்த துணியிலேயே போய்விடும். குழி விழுந்திருந்தால் ஹோன் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். குழி போகும்வரை தேய்த்தால் துளை பெரிதாகிவிடும், குழியை மிச்சம் வைத்தால் புது கப்பைச் சில மாதங்களில் அது கிழித்துவிடும். குழி விழுந்த வார்ப்பைக் காப்பாற்ற ஒரே நல்ல வழி, தேர்ந்த லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி, பழைய உட்துளை அளவுக்கே கடைந்து வாங்குவது. அப்போதும், பின்னால் விளக்கப்போகும் நுண்துளையைச் சரியான இடத்தில் சரியான அளவில் போடத் தெரிந்தவரா என்று விசாரித்துக்கொண்டு கொடுங்கள்.

புதிது வாங்கினால் உட்துளையின் விட்டம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். விட்டம் கூடினால் பெடல் கடினமாகி, அதே பிடிப்புக்கு அதிகம் மிதிக்க வேண்டிவரும். குறைந்தால் லேசாக இருக்கும், ஆனால் பெடல் தரைவரை போகும். கையில் வந்த புது சிலிண்டரை அப்படியே மாட்டிவிடாமல் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. வார்ப்பு மணலும் கடைசல் துருவலும் உள்ளே தங்கியிருந்தால் முதல் பத்து மிதியிலேயே கப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. டிரம் வண்டிக்கான சிலிண்டரின் வெளிவாயில் அருகே ஒரு செக் வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைத்து, சக்கரச் சிலிண்டர் கப்புகளின் உதடு சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உங்கள் மைனரில் யாராவது முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டியிருந்தால் இந்த வால்வு டிஸ்க்கை விடாமல் உரசவைக்கும். அந்த வண்டிக்கு இந்தச் சிலிண்டரை அப்படியே போடக்கூடாது.

எண்ணெயும் கருவிகளும்

டாட் 4 பிரேக் ஆயில் அரை லிட்டர் டின் இரண்டு, சீல் உடைக்காதது, வாங்கிக்கொள்ளுங்கள். இந்த எண்ணெய் கிளைக்கால் வகை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை ஊர்களில், திறந்த டின்னை அலமாரியில் வைத்து அடுத்த வருஷம் ஊற்றுவது வீண் ஆபத்து. டாட் 5 என்பது சிலிக்கோன். பெயின்ட்டைக் கெடுக்காது, ஈரம் இழுக்காது, ஆனால் கிளைக்காலோடு கலக்கக்கூடாது. டாட் 5.1 மறுபடியும் கிளைக்கால்தான். எண்ணைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் இந்தத் தொடருக்குள் போகக்கூடாது. ரப்பர் ஊதி உருக்குலைந்துவிடும். ஏற்கெனவே யாராவது தவறான எண்ணெயை ஊற்றியிருந்தால் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. எல்லாக் கப்புகளையும் ஹோஸ்களையும் மாற்றி, பைப்புகளை ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். உதிரிகளைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில். கப்புகளைப் பூட்டும்போது தடவ பிரேக்குக்கென்றே விற்கும் ரப்பர் கிரீஸ் அல்லது அதே பிரேக் ஆயில்.

ஸ்பேனர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் பிரேக் பைப் நட்டின் முனைகள் மழுங்கும், பிறகு பைப்பையே வெட்ட வேண்டிவரும். பைப் நட்டுக்கென்று வாய் பிளந்த ரிங் ஸ்பேனர் கிடைக்கிறது. அதற்குச் செலவு செய்யலாம். புது செம்பு வாஷர்கள், தூசி உறிஞ்சும் மெஷின், துணி, ஒரு பக்கெட் தண்ணீர். கிளைக்கால் எண்ணெய் பெயின்ட்டில் சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டின் மேல் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினால் திருகுகள் போட்ட தகட்டு மூடி ஒன்று தெரியும். எண்ணெய் ஊற்றும் துளைக்கு மேலே ரப்பர் அடைப்பான் இருக்கும். திருகுகளைத் தொடுமுன் அந்தப் பகுதியைத் தூசி மெஷினால் நன்றாக உறிஞ்சிவிடுங்கள். காலணியிலிருந்து உதிர்ந்த பல வருஷ மண் அங்கேதான் தங்கியிருக்கிறது, மூடியைத் திறந்தால் நேரே எண்ணெய்த் தொட்டிக்குள் விழும். திருகுகள் துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள்.

பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பெடலோடு கம்பியை இணைக்கும் பின்னை விடுவியுங்கள். பிறகு பைப்பைக் கழற்றி அதன் வாயை உடனே மூடுங்கள். திறந்த பைப்புக்குள் போகிற ஒரு மண்துகள் போய்ச் சேருமிடம் சக்கரச் சிலிண்டர்.

இனி இந்த வேலையின் பேர்போன இடம் வருகிறது. சிலிண்டரைச் சேஸிஸ் கட்டைக்குள் பிடித்திருப்பது குறுக்காகப் போகும் இரண்டு நீள போல்ட்டுகள். நட்டைக் கழற்றுவது பெரிய பாடில்லை. ஆனால் போல்ட்டை வெளியே இழுத்தால், சேஸிஸை ஒட்டி நீளவாக்கில் ஓடும் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பாரில் போல்ட்டின் தலை இடித்து நிற்கும். தொழிற்சாலையில் சிலிண்டரை முதலிலும் பாரைப் பின்னாலும் பூட்டியதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கினால் பாரின் முறுக்கு பெருமளவு தளர்ந்திருக்கும். அந்த நிலையில் ஒரு கட்டையை அணைவாக வைத்து நெம்புகோலால் பாரைச் சற்றே ஒதுக்கிப் பிடித்தால், இன்னொருவர் போல்ட்டை உருவிவிடலாம். ஆகவே இருவராகச் செய்யுங்கள். பாரை உளியாலோ சுத்தியலாலோ அடிக்கக்கூடாது. அதன் மேல் விழும் ஒரு கீறல் பின்னாளில் விரிசலாகி, பார் உடைவதில் முடியும். பாரைச் சஸ்பென்ஷன் கையிலிருந்தே கழற்றிவிடலாம் என்று தோன்றினால், கைக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் அதைத் தொடவே வேண்டாம். தொங்கும் நிலையிலும் அதில் மிச்சமிருக்கும் முறுக்கு விரலை முறிக்கப் போதுமானது.

போல்ட் துருவில் இறுகி, உருவவும் வராமல் சுற்றவும் வராமல் போனால் வெட்டி எடுப்பதே மேல். புதியவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, நட்டு பார் இருக்கும் பக்கம் வரும்படி பூட்டுங்கள். அடுத்தமுறை இந்த மல்லுக்கட்டு இருக்காது. இதற்கு முன் வைத்திருந்த யாராவது இப்படித் திருப்பிப் போட்டுவைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சிலிண்டருக்கும் சேஸிஸ் சுவருக்கும் நடுவே வாஷரோ குழலோ இருந்தால் எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் வெளியே வந்ததும் காலியான கட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த எண்ணெயைத் தண்ணீரால் கழுவி, உலரவிட்டு, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. இங்கே சேஸிஸ் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் புது சிலிண்டர் மாட்டுவதை ஒத்திப்போட்டு முதலில் வெல்டிங் பாருங்கள்.

நுண்துளையும் இடைவெளியும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய வண்டிகள் திரும்பவும் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் இங்கே நடந்த தவறால்தான்.

எண்ணெய்த் தொட்டியிலிருந்து சிலிண்டருக்குள் இரண்டு துளைகள் இறங்குகின்றன. ஒன்று பெரியது. மற்றது குண்டூசி முனையளவே உள்ள நுண்துளை, முதல் கப்பின் உதட்டுக்குச் சற்றே முன்னால் இருப்பது. பெடலை மிதிக்கத் தொடங்கியதும் கப் இந்த நுண்துளையைக் கடந்து மூடுகிறது, அதற்குப் பிறகே அழுத்தம் எழும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிவிட, கப் பின்னுக்கு வந்து துளையைத் திறக்கிறது. சக்கரத்தில் சூடேறி விரிந்த எண்ணெய் இதன் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது.

பிஸ்டன் கடைசிவரை பின்வாங்காவிட்டால் என்ன ஆகும்? நுண்துளை மூடியே இருக்கும். வண்டி ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும், போக வழியிருக்காது, ஷூக்கள் டிரம்மைப் பிடிக்கத் தொடங்கும். உரசல் மேலும் சூடேற்றும், சூடு மேலும் விரியவைக்கும். சில கிலோமீட்டரில் வண்டி இழுபறியாகி, டிரம்மிலிருந்து தீய்ந்த வாடை வரும். ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இப்படி வழியில் நின்றுபோன வண்டியில் ஒரு சக்கரத்தின் நிப்பிளை லேசாகத் திறந்து பாருங்கள். எண்ணெய் பீச்சியடித்து எல்லாச் சக்கரமும் ஒருசேர விடுபட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர் பக்கம்தான்.

ஆகவே பெடலை விட்ட நிலையில் கம்பியின் நுனிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கண்டிப்பாக இடைவெளி வேண்டும். 1/32 அங்குலம், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர். பெடலைக் கையால் அழுத்தும்போது முதலில் சிறிது தூரம் எடையில்லாமல் போய், பிறகு பிஸ்டனைத் தொடும் அந்த 'டக்' விரலுக்குத் தெரிய வேண்டும். கம்பியில் லாக் நட் இருந்தால் அதைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்யலாம். நீளம் மாற்ற முடியாத கம்பி என்றால், பெடல் முழுதாக மேலே வருகிறதா என்று பாருங்கள். பெடல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெடல் சுழலும் தண்டு கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம், பின்னாளில் போட்ட தடித்த கார்ப்பெட் பெடல் தண்டை முட்டலாம். பழைய சிலிண்டரோடு சரியாக இருந்த இடைவெளி புதியதோடும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பிஸ்டனின் பின்பள்ளம் சற்று ஆழம் குறைந்தாலே கணக்கு மாறிவிடும்.

தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளையையும் ஊசியால் குத்திப் பாருங்கள். தரைக்கடியில் இருப்பதால் அது மண்ணால் அடைபடும்.

பூட்டுதலும் ஏர் எடுத்தலும்

கிட் போடுகிறவர்கள் கப்புகளைக் கையாலேயே ஏற்ற வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பக்கூடாது. முதல் கப்பின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். கப்புக்கும் பிஸ்டனுக்கும் நடுவே வரும் மெல்லிய குழிவான வாஷரை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிஸ்டன் தலையிலுள்ள துளைகளுக்குள் கப் பிதுங்கிக் கிழியும். கப் உள்ளே நுழையும்போது உதடு மடங்காமல் விரல் நகத்தால் சுற்றிலும் தள்ளிக்கொண்டே போங்கள்.

சிலிண்டரை வண்டியில் ஏற்றுமுன் மேஜையிலேயே எண்ணெய் ஊற்றி, வழவழப்பான மரக்குச்சியால் பிஸ்டனை மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். வெளிவாயில் குமிழி இல்லாமல் எண்ணெய் வரத் தொடங்கியதும் அடைத்துவிட்டு மாட்டுங்கள். சேஸிஸுக்குள் கிடைமட்டமாகப் படுத்த சிலிண்டரிலிருந்து காற்றைப் பின்னால் விரட்டுவது பெரும்பாடு.

ஏர் எடுக்குமுன் எல்லா டிரம்களிலும் ஷூக்களை முழுதாக இறுக்கிவிடுங்கள். டிரம்மிலுள்ள துளை வழியே ஸ்க்ரூடிரைவர் விட்டால் அட்ஜஸ்டர் அகப்படும். முன்சக்கரத்தில் இரண்டு, பின்சக்கரத்தில் ஒன்று. ஷூ நகர இடமில்லாததால் சக்கரச் சிலிண்டரில் எண்ணெய் தங்கும் இடம் குறையும், காற்றும் சீக்கிரம் வெளியேறும். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் இடப்பின், வலப்பின், இடமுன், வலமுன் என்ற வரிசையில் போங்கள். ஒருவர் பெடலை நிதானமாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்: "மிதி", "பிடி", "விடு". மைனரின் தொட்டி சிறியது, இரண்டு மூன்று மிதிக்கு ஒருமுறை நிரப்பாவிட்டால் காற்றை இழுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். வெளிவந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

முடிந்ததும் ஷூக்களைச் சக்கரம் தடையின்றிச் சுற்றும்வரை தளர்த்துங்கள். பிறகு தொட்டி மூடியைத் திறந்து, கண்ணாடி அணிந்து, டார்ச் வெளிச்சத்தில் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே பெடலை லேசாக அழுத்தச் சொல்லுங்கள். தொடக்கத்தில் எண்ணெயின் மேல் ஒரு சிறு ஊற்று துள்ளி எழுந்து அடங்கினால் நுண்துளை திறந்திருக்கிறது, இடைவெளியும் சரி. எழாவிட்டால் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோகாமல் கம்பியின் நீளத்தை மறுபடி பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

எஞ்சினைப் போடுமுன் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அதற்குள் உதவியாளர் எல்லா இணைப்புகளையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்க்கட்டும். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். அதன் ஸ்விட்சும் இதே எண்ணெயின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது, அந்த இணைப்பும் கசியக்கூடும். முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், ஹேண்ட் பிரேக் மேல் கைவைத்தபடி, நடை வேகத்தில். பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி, வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். கிளம்பும்போது உருண்ட அதே எளிமையோடு இப்போதும் உருள வேண்டும். நான்கு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். நான்கும் ஒருசேர அளவுக்கு மீறிச் சுட்டால் நுண்துளையைப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் ஷூவையும் ஹோஸையும் பாருங்கள்.

முதல் வாரம் தினமும் எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பது அவசியம். அதுவரை தரை மூடிக்கு இரண்டு திருகு மட்டும் போட்டுவையுங்கள். வாரம் முழுதும் மட்டம் இறங்காமல் இருந்தால் ரப்பர் உறையை ஒருமுறை நீக்கி உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதித் திருகுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். எண்ணெய் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், இரண்டு வருஷம் கழித்து அடுத்த மாற்றத்துக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.